இருபத்து நான்கு அடிச் சாய்வு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே புழுக்கம். மனைக்குப் போய் வந்தேன். அஸ்திவாரக் கடைக்கால் முடிந்து, பேஸ்மென்ட் தெருவிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே மண் ரொப்பித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் அரை அடி இறங்கியது. செருப்பு ஒன்று சேற்றுக்குப் பலி.

நான் கேட்டது ஓரடி. பாவா கேட்டது மூன்றடி. அக்கா வீட்டுக்காரர், பொதட்டூர்பேட்டையில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர், விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவர். "தெருவுல ரோடு போட போட ஏறிகினே போவுது சுகுணா. இன்னிக்கி ஓரடி வச்சீன்னா பத்து வருஷத்துல உன் வூட்டுக்குள்ள குதிச்சிதான் எறங்கணும்." தப்பில்லை. இந்தத் தெருவிலேயே நான்கு வீடுகள் ரோட்டுக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் இருக்கின்றன. மழை வந்தால் வாளி. ஆக, இரண்டடி.

ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு. 2 × 12 = 24. கிழக்குச் சுவரோரம் 38 அடி. இடம் இருக்கிறது.

மேஸ்திரிக்கு எழுதிக் கொடுத்தது (நகல்):
கதவு எல்லாம் உள் அளவு 3 அடி, பாத்ரூம் உட்பட.
தலைவாசலில் கீழ்க்கட்டை வேண்டாம். மேலே, இரு பக்கம், அவ்வளவுதான்.
சமையல் மேடை 2½ அடி உயரம். அடியில் காலி.
சுவிட்ச் எல்லாம் கைக்கு எட்டும்படி, 3 அடியில்.
ஹால் ஜன்னல் தரையிலிருந்து 2 அடி. உட்கார்ந்தால் மலை தெரிய வேண்டும்.
கிழக்கே சாய்வு. படி வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் பாதி மார்க் வெட்டுகிறவள் நான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் பீரியட் நடுவே மேஸ்திரி போன். வராந்தாவில் நின்று பேசினேன்.

"இன்னா டீச்சர், வாசக்காலுக்கு அடிக்கட்ட வாணாம்னு எழுதிக்கிறீங்க. ஆட்டுக் கொட்டாய்க்கே ஒரு கட்ட போடறோமே."
"ஆட்டுக்குத் தாண்ட வரும் மேஸ்திரி."
"அப்புறம் ரெண்டடியில ஜன்னலு. கொரங்கு நேரா உள்ள வந்து உங்க சேர்ல குந்திக்கும்."
"கம்பி போடுங்க."
"ஆங்... போட்லாம். பாத்ரூமுக்கு மூணடி கதவு எதுக்கு? யானையா குளிக்கப் போவுது?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பதில் என்னவோ அலமாரிக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது, மேலே பழைய புடவை போர்த்தி. இந்தக் குறிப்பில்கூட அதை ச.நா. என்றுதான் எழுதி வருகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? சக்கர நாற்காலி. எழுதிவிட்டேன், போதுமா.

9-ஆ விடைத்தாள் இன்னும் 22 பாக்கி.

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை. காலையில் கதவைத் தாழ் போட்டுவிட்டு ச.நா. பயிற்சி, அரை மணி. இந்த வாடகை வீட்டில் ஹாலிலிருந்து சமையலறை வரை போகலாம். அதன் வாசல் குறுகல், உள்ளே நுழைய முடியாது. பாத்ரூம் வெளியே, இரண்டு படி இறங்கி. மே மாதம் விழுந்தது அங்கேதான். முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தேன். பிறகு நானே எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னது: சிறு வயதிலேயே பலமிழந்த இடது காலை ஈடுகட்டியே நாற்பது வருடமாக வலது கால் தேய்ந்துவிட்டது. தோளும் அப்படியே. இன்னும் நடக்க முடிவது இரண்டு வருடம், கூடிப்போனால் மூன்று. "இப்பவே பழகிக்குங்கம்மா, விழுந்து பழகாதீங்க." அவர் நல்லவர். எனக்குத்தான் அவரைப் பார்த்தாலே எரிச்சல்.

அக்காவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். முதலில் அழுகை. அடுத்து பாவா. அடுத்து, "ஒண்டியா உனக்கு எதுக்கு வூடு?" பொதட்டூர்பேட்டையில் அவர்கள் வீட்டுக் கீழ் அறை, தறிச் சத்தம், வேளாவேளைக்குத் தட்டில் சாப்பாடு. எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள். நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. வீடு எழும்பிக் கூரை போடும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

ச.நா. திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அதை அட்டையில் வெட்டி (வரைபட அளவுக்கு), வரைபடத்தில் நகர்த்திப் பார்த்தேன். பாத்ரூமில் திரும்புகிறது. சமையலறையில் பிரிட்ஜ் இடிக்கிறது. பிரிட்ஜை ஹாலுக்குத் தள்ளினேன். மறுபடி சமையலறைக்கு. மறுபடி ஹாலுக்கு. இதோடு பதினோராவது வரைபடம். சாதம் குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்கூல் விட்டு நேரே மனை. சாய்வுக்குப் பக்கச் சுவர் கட்டிவிட்டார்கள். எட்டடி.

எட்டு! இருபத்து நாலு எங்கே, எட்டு எங்கே?

மேஸ்திரிக்கு ஒரே பெருமை. "பாவா வந்து பாத்துட்டு சொன்னாருங்க. டூவீலர் ஏத்தறதுக்கு எட்டடி தாராளம். மிச்ச எடத்துல ஷெட்டு போட்டா ரெண்டு வண்டி நிக்கும்."

வண்டி ஏற்றத்தான் சாய்வு என்று பாவாவாக முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். போன மாதம் என் எதிரிலேயே சொன்னார். காரணம் தானாக வந்து மாட்டியதே என்று நானும் தலையாட்டினேன். என்னிடம் வண்டியே கிடையாது. அது யாருக்கும் தோன்றவில்லை.

"செங்குத்தா இருக்கே மேஸ்திரி, சறுக்குமே."
"கோடு போட்டுடுவோம் டீச்சர். டயரு கவ்விக்கும்."

வாதாட வாயில்லை. உண்மைக் காரணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு பொய்க் காரணத்துக்காக எப்படிச் சண்டை போடுவது? ஆட்டோவில் வரும்போது அழுகையாக வந்தது. கோபத்தில் வரும் அழுகை.

பால், தீப்பெட்டி, கிராஃப் நோட்டு 2.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கிருத்திகை. தெரு முழுக்க மஞ்சள் துணி, புஷ்பக் காவடி. அரோகரா விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ரோட்டை அடைத்துவிட்டதால் மணல் லாரி வரவில்லை. வேலை இல்லை. வெளியே போக முடியாமல் உள்ளேயே பத்து தரம் எழுந்து உட்கார்ந்தேன்.

நைனா, எங்கள் அப்பா, ஒவ்வொரு கிருத்திகைக்கும் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு முருகன் மலைப் படியேறுவார். 365 படி. நான் எண்ணிக்கொண்டே போவேன். எண்கள் பிடித்துப் போனது அப்படித்தான். இருநூறு தாண்டினால் அவர் கழுத்து நனைந்து என் கன்னத்தில் ஒட்டும். "எறக்கி வுடு நைனா" என்பேன். "சும்மா குந்திகினு வாடி" என்பார். பதினொரு வயதில் வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் கனத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்த வயது. அவர் வற்புறுத்தவில்லை. அந்த வருடம் தனியாகப் போய்விட்டு வந்தார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் தூக்கவில்லை. தூக்க விட்டதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வாசக்கால் முகூர்த்தம் 28-ஆம் தேதி, காலை 9 முதல் 10.30. ஆடி போய் ஆவணி வந்ததும் பாவாவே நாள் குறித்துவிட்டார்.

மாலை ஆசாரி பட்டறை. வேங்கை மரத்தில் தலைவாசல் தயார். மேலே தாமரை, பக்கத்துக்கு ஒரு கொடி. கீழே கட்டை, நான்கு விரல் உயரம்.

"கீழ்க்கட்டை வேணாம்னு சொன்னனே ஆசாரி."
"பாவா வந்து சொன்னாருமா. லச்சுமி குந்தற எடம், அது இல்லாத வூட்ல காலு வைக்க மாட்டேன்னுட்டாரு. பாருங்க, எப்படி இழைச்சிக்கிறேன்னு."

தடவிப் பார்த்தேன். வழவழப்பு. நல்ல வேலை. "நல்லா இருக்கு" என்றேன். நல்லா இருக்கு! என் வாயில் கொள்ளி வைக்க.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேகமூட்டம். மதியம் தூறல்.

சடங்குக்குச் சாமான் எடுத்துவைக்க அக்கா பஸ்ஸில் வந்தாள். பித்தளைத் தட்டு தேடி அலமாரிப் பின்னால் கைவிட்டாள். புடவை அவள் கையோடு வந்துவிட்டது.

"இது யாருது சுகு?"
அவள் அதை இழுத்துப் பிரித்தாள். பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே அதில் உட்கார்ந்தாள்.
"எத்தினி நாளா?"
"மே மாசத்துலேருந்து."
"எங்கிட்ட கூட சொல்லலியே. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பிறகு நான் பயந்த அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். "ஒண்டியா உனக்கு எதுக்கு வூடு? கட்டறத நிறுத்திட்டு எங்க கூட வந்துடு. கீழ் ரூமு சும்மாதான கெடக்குது."

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்காக. நான் செத்தாலும் என் வீட்டில் சாவேன், உன் கீழ் ரூமில் பத்திரமாக இருக்க மாட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையால் சக்கரத்தை உருட்டிச் சமையலறை வாசல் வரை போனாள். இடித்தது. பின்னால் வந்தாள். மறுபடி போனாள். மறுபடி இடித்தது.

போகும்போது, "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்." நவதானியம் வாங்க மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, லீவு. கொழுக்கட்டை ஆறு பிடித்தேன், நான்கு விண்டுபோயின.

நாளை என்ன செய்வது?
1. ஒன்றும் சொல்லாமல் ஊன்றுகோலோடு போய், கட்டையைத் தாண்டிப் படத்துக்கு நிற்பது. இரண்டு வருடம் கழித்து மரத்தை அறுப்பது. (பாவா பேசவே மாட்டார்.)
2. இன்றே பாவாவுக்குப் போன்.
போனை நான்கு தரம் எடுத்தேன். ஒரு தரம் மணியடித்தது, நானே வெட்டினேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். "கை பட்டுடுச்சி பாவா" என்றேன்.
3.

மூன்றாவது தெரியவில்லை. எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

8.40. அக்கா ஆட்டோவில் வந்தாள். நான் ஊன்றுகோலை எடுத்தேன். அவள் நாற்காலியை எடுத்து ஆட்டோவில் வைத்தாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. மூன்றாவது என்பது அதுதான் போலிருக்கிறது.

9.05. மனை. வாசக்காலை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். கட்டைக்கு அக்கா போய் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும், அப்புறம்தான் அடியில் காசும் தானியமும் போட்டுக் கலவை. நான் ஆட்டோவிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். தெருவில் எல்லோரும் திரும்பினார்கள். பாவா கையில் தேங்காய்.

கலவை வண்டி ஏறும் நீளப் பலகையில் அக்கா தள்ளினாள். தள்ளட்டும் என்று விட்டேன். பலகை நாளைக்குப் போய்விடும். மேலே வந்ததும், "கையை எடு" என்றேன். எடுத்தாள். வாசல் வரை நானே உருட்டினேன். முன் சக்கரம் கட்டையில் மோதி நின்றது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார், கிழக்கே அந்த எட்டடிச் சுவரைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாவாவுக்குப் புரிய அரை நிமிடம். கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கி நான் பார்த்ததில்லை. கலங்கினாலும் பாவா பாவாதான். தேங்காயை அக்காவிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "மேஸ்திரி, அந்தப் பக்கம் புடிங்க. சேரோட தூக்கி உள்ள வச்சிடலாம். நேரம் போவுது."

"தூக்காதீங்க பாவா."
"ஒரு நிமிஷ வேல சுகுணா—"
"இன்னிக்கி ஒரு நிமிஷம். நாளைக்கி யாரு தூக்குவா? நான் பால் வாங்க வெளிய வரும்போது? என்னைத் தூக்க வேணாம். கட்டையை எறக்குங்க."

"கட்ட இல்லாத வூடு—"
"இருக்கட்டும். லட்சுமி இருக்கட்டும். தரையோட தரையா இருக்கட்டும். கீழ குந்தினா அவளுக்கு என்ன கொறைச்சல்?"

இதெல்லாம் நான் யோசித்து வைத்ததில்லை. வாயில் வந்தது.

ஆசாரி குந்தி உட்கார்ந்து கட்டைக்கு அடியில் பார்த்தார். "அடியில ஒரு வரி செங்கல்லு தான்கீது. பேத்துட்டு எறக்கினா டைல்ஸ் மட்டத்துக்கு வந்துடும். மேஸ்திரி?"
"பதினஞ்சி நிமிஷம்" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் பாவாவைப் பார்த்தார்கள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காதான் சொன்னாள்: "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? பேத்து எறக்குங்க."

9.50-க்குக் கட்டை இறங்கியது. காசு, தானியம், கலவை. அக்கா தரையில் உட்கார்ந்து மஞ்சள் தடவினாள். 10.10-க்கு நான் உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே என்றால், காங்கிரீட் போட்ட தரை, இடுப்பளவு சுவர்தான், மேலே வானம். ஹால், சமையலறை, பாத்ரூம். பாத்ரூமில் ஒரு முழு வட்டம். அட்டை வட்டம் பொய் சொல்லவில்லை.

பாவா சாப்பிடாமல் போய்விட்டார். அவருக்குப் போட்ட இலையை மடித்து எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நல்ல வெயில். தோள் வலி. 9-ஆ தாள் முடித்தேன், ஒருவழியாக.

பாவாவுக்குக் காலையில் இரண்டு தரம் போன். எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. கடைசி பீரியட்டில் மேஸ்திரி.

"டீச்சர், அந்த எட்டடி செவுத்த இடிச்சாச்சி. சாய்வு எத்தினி அடி சொன்னீங்க?"
"இருபத்தி நாலு."
"அவ்ளோ நீட்டினா ஷெட்டுக்கு எடம் நிக்காதே. வண்டி?"
"தெருவுல நிக்கட்டும். முதல்ல பாவாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவர் எடுத்தா."
"அவர எதுக்குங்க போன்ல கேக்கறது? காலையிலேருந்து இங்கதான் கீறாரு. டேப்போட அந்த முனைய அவருதான் புடிச்சிகினு நிக்கிறாரு."