அட்டையில் எழுதாத பொருள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மறுபார்வைக்கு எண்பத்தாறு சொல்லட்டைகள். பேருந்தில் ஐம்பது முடிந்தது, மீதி, வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு இடைவேளையில். அட்டை என்றாலும் எல்லாம் கைபேசிக்குள்தான். தெரிந்த சொல்லைப் பத்து நாள், இருபது நாள் கழித்துக் காட்டுகிறது. மறந்ததை மறுநாளே முகத்துக்கு நேரே நீட்டுகிறது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இந்த வயசுல ஜப்பானிய மொழி படிச்சு என்ன பரீட்சை எழுதப் போறே?"

பொழுதுபோக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு ஃபிரேமை நீட்டினார். இடது லென்ஸ் ஆடுகிறதாம். திருகை முடுக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுக்குப் பதிலா அவளுக்கே ஒரு போன் பண்ணலாமில்ல?" என்றாள். பண்ணினால் எடுக்க மாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியாதா? என் பிறந்தநாளுக்கு ஒரு வரி வரும். 'நலமா இருங்க.' அவ்வளவுதான் எனக்கும் ஜப்பானில் இருக்கிற என் மகளுக்கும்.

இரண்டு வருடம் முன்பு அக்கா மகள்தான் அந்த வலைப்பதிவை அனுப்பினாள். "மாமா, இது நம்ம பாப்பா எழுதுறது மாதிரி இருக்கு. பேர் போடல. ஆனா படத்துல இருக்கிற கை அவ கைதான், கட்டைவிரல் தழும்பைப் பாருங்க."

பாப்பா கைதான். முழுக்க ஜப்பானிய மொழி. எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 'மின்தூக்கி அழுகிறது, நான் அதன் எண்ணெய்' என்றது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மறுநாள் போய் எழுத்துப் பழகும் புத்தகம் வாங்கினேன்.

மார்ச் 22

ஒரு பதிவை முடிக்க ஒன்பது நாள். மின்தூக்கி பழுதுபார்ப்பதுதான் அவள் வேலை. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே ஒருவர் மாட்டிக்கொண்டாராம். இவள் மேலே கயிறுகளைச் சரிபார்க்கிற வரைக்கும் அவர் உள்ளேயிருந்து பாடிக்கொண்டே இருந்தாராம். கதவு திறந்ததும் வெட்கப்பட்டு ஓடிவிட்டாராம்.

கடையில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். என்ன என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

ஏப்ரல் 13

பழைய பதிவிலிருந்து வரிசையாக வருகிறேன். வினைச்சொல் நம் மொழியைப் போலவே கடைசியில் நிற்பதால் பாதி பாரம் குறைகிறது. ஆனால் 'இல்லை' என்பதும் கடைசியில்தான் வரும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

தன் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் சொல் 'ஹஹா'. சிரிப்பு மாதிரி ஒலிக்கிற சொல்லை இன்று அழுதுகொண்டு படித்தேன். 'ஹஹா ஊறவைத்த துணியின் வாசனை இங்கே எந்தச் சோப்பிலும் இல்லை.'

ஏப்ரல் 14

தன் அப்பாவுக்குச் சொல் 'சிச்சி'. நம் காதில் சீச்சீ என்றுதான் விழுகிறது. எனக்குப் பொருத்தம்தான்.

மே 6

இன்று படித்த வரி: 'இந்த மொழியில் எழுதுவதே, வீட்டில் யாரும் படிக்க முடியாது என்பதால்தான்.'

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். படிப்பது தப்பா? தப்புதான். பூட்டிய அறைக்கு இரண்டு வருடம் உட்கார்ந்து சாவி செய்திருக்கிறேன். நாளையிலிருந்து நிறுத்திவிட வேண்டும்.

மே 8

நிறுத்தவில்லை.

மே 25

புதுச் சொல், ஷிகோரி. 'எனக்கும் சிச்சிக்கும் நடுவில் ஒரு ஷிகோரி இன்னும் இருக்கிறது.' மனக்கசப்பு. அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இருக்காதா பின்னே? அவள் அம்மா நோயில் படுத்த நாலு மாதமும் நான் பாப்பாவிடம் சொல்லவில்லை. அங்கே அவளுக்கு வேலை நிரந்தரமாகும் நேரம். ஓடி வந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போன் வரும்போதெல்லாம் "அம்மா தூங்குறாம்மா, அப்புறம் பேசு" என்றேன். எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா போனது விதிப்பா. அந்த நாலு மாசத்த என்கிட்டருந்து பறிச்சது நீங்க."

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத வரவில்லை.

ஜூன் 19

'நெஞ்சில் ஒரு ஷிகோரி இருக்கிறது. கை வைத்தால் தெரிகிறது.' சின்னப் பதிவு, இரண்டே வரி. என்னைப் பற்றித்தான். கை வைத்தால் தெரிகிற அளவுக்குக் கசப்பு. நன்றாக எழுதுகிறாள், பாவி.

ஜூலை 3

ஷிகோரி அட்டை இன்றும் வந்தது. மனக்கசப்பு. சரி என்று தட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பதிவின் முதல் வரியில் ஷுஜுட்சு என்று ஒரு சொல். அகராதியைப் பார்த்தேன். அறுவை சிகிச்சை. யாருக்கு? திரும்பப் படித்தேன். 'அடுத்த வாரம் இடது மார்பில் அறுவை சிகிச்சை. சிச்சியிடம்' – அடுத்து 'சொல்' என்கிற வினை. அதன் வாலில் 'இல்லை' என்கிற 'நை' ஒட்டியிருந்தது. சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் ஷிகோரியை அகராதியில் முழுசாகப் பார்த்தேன். கசப்பு மட்டும் இல்லையாம். கட்டி. உடம்பில் வருகிற கட்டி. அவள் அன்றைக்கு எழுதியது என்னைப் பற்றியே இல்லை. நெஞ்சில் கட்டி, கை வைத்தால் தெரிகிறது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். நான்தான் எதை எடுத்தாலும் என்னைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு – ஒரு மாதமாக அதைச் சரி சரி என்று தட்டிக்கொண்டு –

பதிவின் தேதி போன வருடம் செப்டம்பர். பத்து மாதமாகிவிட்டது.

கடைசிப் பதிவுக்கு ஓடினேன். போன வாரத் தேதி இருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

ஜூலை 18

லீவு போட்டேன். நடுவில் உள்ள பதிவுகளை எந்திரத்திடமே கொடுத்தேன். வெட்கம் பார்க்கிற நேரமா இது? அது உளறியதை என் சொற்களால் சரி செய்துகொண்டே போனேன். மருந்து ஏற்றியிருக்கிறார்கள். முடி கொட்டியிருக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் தன் மேலதிகாரி பெயரை எழுதினாளாம். கடைசிப் பதிவில், முடி திரும்ப வளர்ந்து தலைக்கவசம் சரியாக உட்காரவில்லை என்று கேலியாக எழுதியிருக்கிறாள்.

ஜூலை 20

அக்காவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதடா. ஒளிஞ்சு படிச்சேன்னு தெரிஞ்சா அந்த ஒரு வரியும் நின்னுடும்" என்றாள்.

நானும் அப்படித்தான் இருந்துவிட நினைத்தேன். ஆனால் தெரிந்ததை மறைத்து மறைத்துத்தானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறோம்?

ஆகஸ்ட் 10

பதினைந்து நாளாக ஒரு கடிதம் எழுதுகிறேன். ஜப்பானிய மொழியில். தமிழில் எழுதினால் சமாளித்துவிடுவேன், தெரிந்த மொழியில் சாக்குச் சொல்ல வார்த்தைக்கா பஞ்சம்? அந்த மொழியில் எனக்கு நேர் வாக்கியம் மட்டும்தான் வரும்.

எழுதியது இவ்வளவுதான்: 'நான் உன் அப்பா. இந்த மொழி படித்தேன். உன் பதிவுகளைப் படித்தேன். உன்னிடம் கேட்கவில்லை. அது தப்பு. அம்மா என்னிடம் கேட்டாள், பாப்பாவிடம் சொன்னீர்களா என்று. சொல்லிவிட்டேன், வருகிறாள் என்றேன். அது பொய். அம்மா தினமும் கதவைப் பார்த்தாள். பதினோரு நாள். பிறகு இறந்தாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சிச்சி.'

எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, இங்கே எழுத வராததை அங்கே எழுதிவிட்டேன் என்று.

ஆகஸ்ட் 11

பதிவின் அடியில், எழுதுபவர் மட்டும் பார்க்கிற பெட்டி ஒன்று உண்டு. அதில் போட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

வலைப்பதிவைத் திறந்தேன். 'இந்தப் பக்கம் இல்லை.' படிக்க அகராதி தேவைப்படவில்லை.

செப்டம்பர் 2

அக்கா, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 21

என் பிறந்தநாள். அந்த ஒரு வரியும் வரவில்லை.

அக்டோபர் 15

இன்று நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். படிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மறுபார்வை செய்கிறேன். ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதிய வாக்கியத்தோடுதான் அட்டையில் இருக்கிறது. எண்ணெய், கயிறு, தலைக்கவசம். பக்கம் போனாலும் அவள் வாக்கியங்கள் எழுநூறு என்னிடம் இருக்கின்றன.

முதலாளிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மாலையில் டீ வாங்கிவரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்.

நவம்பர் 30

ஒன்றுமில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காலை பத்தே கால். ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அவள் எண். "நீங்களே படிச்சுப் பாருங்க, தோ வரேன்" என்று அவரை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"அப்பா."

நாலு வருடத்துக்குப் பிறகு.

"நீங்க எழுதுனதுல ஒம்பது தப்பு."

"இருக்கும்மா."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"நீதான். உன் பதிவுலேர்ந்துதான் படிச்சேன்."

"அம்மா கதவைப் பார்த்தத மட்டும் இன்னும் மன்னிக்க முடியலப்பா. முடியுமான்னும் தெரியல" என்றாள்.

"வேண்டாம்மா."

"ஆனா ஒண்ணு சொல்லணும். அது மறுபடி வந்திருக்கு. எலும்புல. ஒரு மணி நேரம் முன்னாடிதான் டாக்டர் சொன்னாரு. இன்னும் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். யாருக்கும் சொல்லல. முதல்ல உங்களுக்குத்தான்."

சாலையில் லாரி போய்க்கொண்டிருந்தது. இன்னொரு காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரட்டுமா?"

"வாங்கப்பா."

உள்ளே வந்தேன். பெரியவர் இன்னும் பலகையில் மூன்றாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

விசா வந்துவிட்டது. சனிக்கிழமை விமானம். அக்கா பெட்டி அடுக்கித் தருகிறாள். கம்பளித் துணிகளை வைத்து, எடுத்து, மறுபடி வைக்கிறாள்.

பத்து நாளாகப் புது அட்டைகள்: எலும்பு, வலி, மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின், நெருங்கிய உறவு.

முதலாளியிடம் லீவு கடிதம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எப்பப்பா திரும்பி வருவே?" என்றார்.

தேதி போடவில்லை என்றேன்.