கேட்டு எழுதியது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா அதை நான்கு தடவை படித்துவிட்டார், நீ புதிதாக வாங்கிய கோட்டு முழங்கால் வரை வருகிறதா இல்லை இடுப்போடு நின்றுவிடுகிறதா என்று கேட்கச் சொன்னார். மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று போன வாரம் அவரே ஏணி போட்டு ஏறினார், எரிந்துகொண்டிருந்த கூடத்து விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டு இறங்கினார். எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்துவிட்டு, "சார், இந்த ஏணிய நானே எடுத்துட்டுப் போயிடறேன், எல்லாருக்கும் நல்லது" என்று சொன்னான். அப்பா இன்னும் அவன் மேல் கோபமாக இருக்கிறார். எனக்குத்தான் ரொம்ப நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். போனில் நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. பேரவைக் குறிப்பை இணையத்தில் படித்ததாகவும், மசோதா ஒருமனதாக நிறைவேறியது என்று அதில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் மாமாவும்தானே ஆம் சொன்னார், பதினொரு வருஷம் நடத்திய குழுவை மூடுவதற்கு அவருக்கு எப்படி வாய் வந்தது, இனிமேல் அவருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாமா மேல் உனக்குக் கோபம் என்பதால் இல்லை, அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வேறு என்பதால்.

அந்தக் குழுவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அமைச்சர்கள் போடுகிற ஒவ்வொரு விதியும் பேரவைக்கு வரவேண்டும், குழு அதைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. பேரவையில் இருப்பது ஒரே கட்சி, எதிர்வரிசை நாற்காலிகளில்கூட, இந்தப் பக்கம் இடம் போதாமல், அதே கட்சி ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் குழு என்றால் பிஸ்கட் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடும் இடம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாமா மட்டும் படித்தார். ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருக்காரர்களை மூன்று நாள் நோட்டீஸில் காலி செய்யலாம் என்று ஒரு விதி வந்ததே, அதைத் திருப்பி அனுப்பியது அவர்தான். கட்சி ஆபீஸில் கூப்பிட்டு, சொந்த வீட்டிலேயே கல்லெறிகிறாயே என்று கேட்டார்களாம். "நம்மாளுங்கள நாமதாங்க கேக்கணும், இங்க கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த மசோதா வந்தது அதற்காகத்தான். இனி எந்த விதியும் பேரவைக்கு வர வேண்டியதில்லை, குழுவும் வேண்டியதில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். எனக்குப் பேச வராது, கேட்க வரும். உன்னை மடியில் போட்டுக்கொண்டு பட்டப் பரீட்சைக்குப் படித்தவள், நம் வீட்டில் முதல் பட்டம், பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பியதும் மாமாதான். அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்து சுருக்கெழுத்து எழுதுகிற வேலை எனக்காகவே செய்தது போல அமைந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று முறை மாறும், முறை முடிந்ததும் தட்டச்சு செய்த தாளின் அடியில் 'கேட்டு எழுதியது' என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். நோட்டில் இல்லாதது பதிவில் இல்லை, இதுதான் எங்கள் சட்டம். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது ஓர் அமைச்சரின் செயலாளர் வந்து, ஐயா பேசாத ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார், நான் தாழ்ந்த குரலில் "நோட்டுல இல்லீங்களே சார்" என்றேன். மாமா அதை ஊரெல்லாம் சொல்லி, "என் தங்கச்சிக்குக் குரல்தான் சின்னது" என்று சிரித்தார்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. யாருமே 'இல்லை' என்று சொல்லாத பேரவையில் ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவைத்தானே எழுத வேண்டும் என்று, வாக்கெடுப்புப் பக்கத்தை நாங்கள் காலையிலேயே தட்டச்சு செய்து வைத்துவிடுவோம். 'உறுப்பினர்கள்: ஆம், ஆம். மசோதா ஒருமனதாக நிறைவேறியது. கேட்டு எழுதியது.' கையெழுத்து மட்டும் பாக்கி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களாகவே வேலையைச் சுலபமாக்கிக்கொண்டோம். அன்று அந்த மசோதாவுக்குக் கடைசி முறை எனக்கு. சபாநாயகர் எழுந்ததுமே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக இருந்த தாளை எடுத்தேன். ஏற்போர் ஆம் என்க என்றார், கூரை அதிர்ந்தது. மறுப்போர் இல்லை என்க என்றார், சொல்லிக்கொண்டே உட்காரப் போனார். அப்போது எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையிலிருந்து, "இல்லை." சத்தமாக இல்லை, தெளிவாக. வாக்கெடுப்பு நேரத்தில் உறுப்பினர்களின் மைக் அணைந்திருக்கும், ஒலிப்பதிவில் அது விழ வழி கிடையாது. சபாநாயகர் அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார். தாளை வாங்கிப் போகக் கையை நீட்டிக்கொண்டு ஊழியர் நின்றார். அண்ணன் குரலென்று எனக்குத் தெரியும், தெரிந்தும் என் கை பழக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டது. பயத்தில் போட்டேன் என்றால்கூட மன்னிக்கலாம் பாப்பா, பழக்கத்தில் போட்டேன்.

சாயங்காலம் மாமா எங்கள் அறைக்கு வந்தார். பேசியதைச் சரிபார்க்க உறுப்பினர்கள் வருவது வழக்கம்தான். அவர் பேசியது ஒரே ஒரு சொல், அதைப் பார்க்க வந்தார். தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, "உன் கையெழுத்தாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கேட்டியா?" என்றார். கேட்டேன் அண்ணா என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன், இடம் தாராளமாக இருந்தது, சுருக்கெழுத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கோடு போதும். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. இன்னிக்கு எனக்காக எழுதுனா, நாளைக்கு அவங்க வந்து எழுதச் சொல்லும்போது என்ன சொல்லுவ?" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் முன்னால் இருந்த பென்சில் டப்பாவை நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நானே தலைமைச் சுருக்கெழுத்தாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர், கதவைச் சாத்திவிட்டு, "கேட்டு எழுதியதுன்னு நீங்கதானம்மா போட்டிருக்கீங்க, நோட்டுலயும் இல்ல, நான் எதை வெச்சு மாத்தறது" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் காதுல விழலியேக்கா" என்று காதைக் குடைந்து காட்டினார்.

மாமாவை யாரும் தண்டிக்கவில்லை. தண்டித்தால் அவர் இல்லை என்றது உண்மை என்றாகிவிடுமே. நான் இல்லை என்றேன் என்று அவர் எங்கே சொன்னாலும், பதிவைப் பாருங்கள் என்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர், "பாவம், இருமினாரு" என்றாராம். அது பரவி, அவர் நுழைந்தாலே யாராவது ஓர் ஓரத்தில் இருமுகிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். போன மாதம் பழைய விதி அப்படியே திரும்பி வந்தது, ரயில் பாதைத் தெருவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மாமா அங்கே போயிருக்கிறார். அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சட்டை தைக்கிற தையல்காரர் மெஷினிலிருந்து எழுந்திருக்காமலே, "நீங்களும் ஆமான்னுட்டீங்களே சார்" என்றாராம். எழுதியது தங்கச்சிதான் என்று இதுவரை ஒருத்தரிடமும் அவர் சொல்லவில்லை. அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "பாப்பாகிட்டருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார், உனக்கு வேலை ஜாஸ்தியாம் அண்ணா என்று சொல்கிறேன், சரி சரி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லு என்கிறார். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. அவர் பெயரை நான் ஒரு தடவை கெடுத்தது பேரவையில், இரண்டாவது தடவை உன்னிடம் பேசாமல் இருந்து.

அதனால் எழுதிவிட்டேன். இதை அப்பாவின் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புகிறேன், பத்திரமாக வை, யாருக்கும் காட்டச் சொல்லவில்லை, தூக்கிப் போடாதே, அவ்வளவுதான். மாமாவுக்கு உடனே எழுது, நான் சொன்னதாக எழுத வேண்டாம், கேட்டுவிட்டேன் மாமா என்று மட்டும் எழுது, அவருக்குப் புரியும். என்னைப் பற்றி என்ன நினைப்பது என்பதை நீயே முடிவு செய், அவசரமில்லை. கோட்டின் நீளத்தை மறக்காமல் அப்பாவுக்குச் சொல். தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் உன் குரல் உனக்குத் துணை நிற்க வேண்டும், நீ நிறைவாக வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

கீழே இருப்பதைப் பதிவாக வைத்துக்கொள். நாள், மசோதா நிறைவேறிய அன்று. நேரம், பகல் பன்னிரண்டு பத்து. மூன்றாவது வரிசை, சன்னலிலிருந்து நான்காவது இருக்கை.

ஓர் உறுப்பினர்: இல்லை.

கேட்டு எழுதியது,
உன் அம்மா