தெற்குக் குடிலுக்குப் போன தண்ணீர்

செவ்வாய்க் கோள், வடக்கு ஆலை

நாள் 211 / 07:10
எழுதுவது நவமணி, வேதியியலாளர். இங்கே நான் ஒருத்திதான். கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் எரிபொருள் செய்வது என் வேலை. அந்த வினையில் தண்ணீரும் பிறக்கும். வடித்துப் பிரித்தால் குடிக்கலாம். எழுபது கிலோமீட்டர் தள்ளித் தெற்குக் குடிலில் ஜெசிந்தா இருக்கிறாள். அவளுக்கும் இந்தத் தண்ணீர்தான். இன்று தானோட்டி வண்டியில் இருநூறு லிட்டர் அனுப்பினேன். அழுத்தம் சரி. வெப்பம் சரி.

நாள் 211 / 16:40
பூமியிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜெசிந்தா நடத்தும் பாடத்தின் பதிவைப் பார்த்தேன். மெத்தனாலில் சாலிசிலிக் அமிலத்தைப் போட்டு, இரண்டு சொட்டு கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினாள். எஸ்டர் உண்டாகி வலித்தைலம் போல மணக்கும். "ஆல்கஹாலோட OH-உம் அமிலத்தோட COOH-உம் கை கோத்தா, நடுவுல தண்ணி கழண்டு போயிரும் பிள்ளைகளா!"

நான் எழுதிக் கொடுத்த பாடம். கை கோப்பதுகூட என் சொல். என் பெயர் எங்குமில்லை. நாற்பதாயிரம் பிள்ளைகள் அவளுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்தது பராமரிப்பு அட்டவணை.

நாள் 212 / 09:05
வடிகலத்தின் அடைப்பு வளையம் கிழிந்திருக்கிறது. நேற்றைய தண்ணீரின் மாதிரியை வடித்து அதே சோதனை செய்தேன். வலித்தைல மணம். மெத்தனால், நூற்றுக்கு மூன்று பங்கு. நான் குடிப்பது பழைய தொட்டித் தண்ணீரை. வண்டி நேற்றுப் பிற்பகலே அவளைச் சேர்ந்திருக்கும். உடனே சொல்ல வேண்டும்.

நாள் 212 / 09:30
அழைக்கப் போனேன். அதற்குள் பூமியிலிருந்து செய்தி: "இந்த ஆண்டின் சிறந்த அறிவியல் ஆசிரியர், ஜெசிந்தா பர்னாந்து. நாளை அவர் உரை உலகெங்கும் ஒளிபரப்பாகும். நீங்களும் ஒரு வாழ்த்து அனுப்பவும்."

ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று பங்குதானே. ஒரு தலைவலி வரும், இரண்டு முறை வாந்தி வரும். உரை தள்ளிப்போகட்டும். மாலையில் சொல்கிறேன்.

நாள் 212 / 13:20
அவளே அழைத்தாள். "நவமணிக்கா, காலையிலேருந்து ஒரே குமட்டல். இப்போ கண்ணு முன்னால வெள்ளையா மூட்டம் போட்டாப்புல இருக்கு. ஒண்ணும் தெளிவா தெரியமாட்டக்கு."

உடல் மெத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. முதலில் பார்மால்டிஹைடு. பிறகு பார்மிக் அமிலம். அது பார்வை நரம்பைத் தின்னும். தெரிந்துதான் இருந்தேன்.

"அந்தத் தண்ணியத் தொடாத. எத்தனால் எடுத்துப் பழச்சாறுல கலந்து குடி." எத்தனால் உள்ளே போனால் நொதி அதைத்தான் முதலில் பிடிக்கும். மெத்தனால் அமிலமாகாமல் மெல்ல வெளியேறும்.

"அக்கா, ரெண்டு பாட்டிலும் ஒண்ணு போலல்லா இருக்கு. லேபிள் படிக்க முடியல. இதுல எது எத்தனால்?"

இரண்டுக்கும் நிறமில்லை. இரண்டிலும் OH. ஒரு கார்பன்தான் வித்தியாசம்.

"எதையும் குடிச்சிராத. நான் வர்றேன்."

நாள் 212 / 16:30
ஊர்தியில். பாறை. சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிறது. ஆறு மணி நேர வழி. நாலு மணி நேரத்தில் போய்விட வேண்டும். வானொலியில் அவள்: "பேசிக்கிட்டே வாங்கக்கா. இருட்டிருச்சு."

வெளியே நல்ல வெயில்.

நாள் 219 / 08:00. தெற்குக் குடில்
பிழைத்துவிட்டாள். எத்தனாலும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் வேலை செய்தன. கண் திரும்பவில்லை.

நாள் 226 / 10:15
தள்ளிப்போன உரையை இன்று பதிவு செய்தோம். அவள் பேசினாள். குடுவையைப் பிடித்தவை என் கைகள். "என் உயிரக் காப்பாத்துனது நவமணிக்கா. எஸ்டர் பாடத்த எழுதுனதும் அவங்கதான். அன்னைக்குப் பேரச் சொல்லாம விட்டது என் தப்பு."

நாள் 226 / 17:40
பிள்ளைகளின் பதில்கள் வந்தன. எழுபதாயிரம். "ஜெசிந்தா மிஸ், உங்களுக்கு எவ்ளோ தைரியம்!" எல்லாம் அவளுக்கே. வரிசையாக நான்தான் வாசித்துக் காட்டினேன். பொறாமை எரிகிறது. இன்னமும். குருடியானவள் மேல்.

தண்ணீர் கெட்டது எப்போது தெரியும் என்று கேட்டாள். நீ அழைத்தபோதுதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

212-ஆம் நாளின் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இந்தக் குறிப்பேடு அவள் மேசைமேலேயே திறந்து கிடக்கிறது. மறைக்க வேண்டிய தேவை இல்லை.