இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஓட்டு

பழவேற்காடு ஏரிக்கரை,
திங்கட்கிழமை காலை.

ஐஸ்வர்யாவின் அப்பாவுக்கு,

லோகநாயகி எழுதுவது. நானும் மகளும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே படகில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் தூங்கி எழுந்திருக்கக் கங்கையம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். உங்கள் படகு கடலுக்குள் போய்விட்டால் வாரக்கணக்கில் நீங்கள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் 'சரி, சரி, வெக்கிறேன்'னு சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே. நம் சாம்சனுக்கும் பஹ்ரைனில் உங்கள் படகிலேயே வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை கிளம்புகிறான். அவன் பையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் இதை வைத்து அனுப்புகிறேன், வாசனைக்கு மன்னிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. நேற்று நம் மீனவர் சங்கத் தலைவர் தேர்தல் நடந்தது. உங்கள் பெண்டாட்டிதான் முதலில் வந்திருக்கிறாள். நான் நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது, 'இன்னாடி, பொழுது போவலையா?' என்று கேட்டீர்களே, அந்த லோகநாயகிதான்.

ஏன் நின்றேன் என்று அப்போது போனில் சொல்ல விடவில்லை, இப்போது சொல்கிறேன். ஆம்பளை வெளியூரில் இருந்தால் அந்த வீட்டுப் பொம்பளை சங்கத்தில் ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கவும் நிற்கலாம் என்று போன வருஷம் தீர்மானம் போட்டார்கள். ஆனால் ஏரியில் பாடு பிரிக்கச் சீட்டு எடுக்கும்போது மட்டும் அவள் கையை நீட்டக் கூடாதாம். தை அமாவாசைக்கு மறுநாள் போடும் சீட்டுக்கு, போன வருஷம் நீங்கள் வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் நம் வீட்டுக்கு ஏரியில் இடம் கிடையாது. 'ஏரியில எடம் இல்லாத ஊருக்கு நான் ஏன் வரணும், இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்றேன்'னு நீங்கள் சொன்ன அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். தலைவராகி, பொம்பளையும் சீட்டு எடுக்கலாம் என்று மாற்றிவிட்டால், நம் இடமும் தப்பும், நீங்களும் வருவீர்கள். எனக்கு வேறு அரசியல் ஒன்றும் தெரியாது.

உங்களோடு இருக்கும் கன்னியாகுமரிக்காரர்கள் பாடு என்றால் என்னவென்று கேட்டார்கள் என்றீர்களே, இதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் சுத்து வலை கட்ட முடியாது. வீட்டுக்கு வீடு முறை உண்டு. சீட்டில் வந்த வரிசைப்படி இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளைக்கு அடுத்தவனுக்கு விட்டு ஒதுங்கி நிற்பான். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு பாடு எடுத்தால் ஊர் சும்மா விடாது.

தேர்தல் கதைக்கு வருகிறேன். மூன்று பேர் நின்றோம். இப்போது தலைவராக இருக்கும் தருமலிங்கம் அண்ணன், மாதா கோயில் பக்கத்து ஆபிரகாம், நான். சங்கத்தின் பழைய சட்டப்படி பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் தலைவர். இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டு. எனக்குப் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. தருமலிங்கம் அண்ணன் இரண்டாவது. ஆபிரகாம் மூன்றாவதாகப் போனவர், 'என் ஆளுங்க எல்லாம் இனிமே லோகநாயகிக்குத்தான்'னு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆகவே அடுத்த ஞாயிறு ஜெயித்த மாதிரிதான்.

அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வருகிறது இல்லையா, அதனால் இந்தச் சின்னச் சங்கத்துத் தேர்தலுக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து விழுந்துவிட்டார்கள். ஒரு கட்சி அண்ணனுக்கு மாலை போட்டது. இன்னொரு கட்சி என்னைக் கேட்காமலேயே என் படத்தைப் போட்டுப் பேனர் வைத்துவிட்டது. அதில் என்னைவிட அவர்கள் மாவட்டச் செயலாளர் பெரிதாகச் சிரிக்கிறார். இரண்டு பேரும் முகத்துவாரத்தைத் தோண்டித் தருகிறோம் என்கிறார்கள். எத்தனை தேர்தலாக அதை வாயாலேயே தோண்டுகிறார்கள்! மணல் அப்படியே இருக்கிறது. அது அடைத்துக்கொண்டு மீன் வராமல் போனதால்தானே நீங்கள் விமானம் ஏறினீர்கள்.

ஒரு காலை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். படகில் மைக் கட்டி மற்ற குப்பங்களுக்குப் போனோம். கார்த்திகைப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கரை இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை பார்ப்பவர்களின் தலைகள் மட்டும் அங்கங்கே தெரிந்து மறைந்தன. எனக்கு ஓட்டுச் சேகரிக்கும் வேலை எல்லாம் பக்கத்து வீட்டுக் கலைவாணி பார்த்துக்கொண்டாள். நான் மைக்கைப் பிடித்து, 'இந்த ஒரு பாடு எனக்கு உட்டுக் குடுங்க'னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலே எனக்கு யாருடையதோ போல் கேட்டது. சத்தத்துக்குப் பூநாரைக் கூட்டம் ஒன்று எழுந்து, பனிக்குள்ளேயே சிவந்து, பனிக்குள்ளேயே காணாமல் போயிற்று. அப்போது படகின் முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். கூப்பிடக்கூட வாயெடுத்தேன். கலைவாணி திரும்பிப் பார்த்தாள், 'இன்னாக்கா?' என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிறு முடிந்ததும் ஐஸ்வர்யாவை விட்டு உங்களுக்கு மெசேஜ் போடச் சொல்கிறேன். புது வலை வாங்க எளாவூர்க்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கலாமா?

இப்படிக்கு,
உங்கள் லோகநாயகி.


பழவேற்காடு ஏரிக்கரை,
அடுத்த செவ்வாய்க்கிழமை.

ஐஸ்வர்யாவின் அப்பாவுக்கு,

சாம்சனின் விசா தாமதமாகி, பயணம் இந்த வியாழனுக்குத் தள்ளிப்போயிற்று. அதனால் முதல் கடிதத்தோடு இதையும் சேர்த்து வைக்கிறேன். முதல் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். ஐஸ்வர்யா விடவில்லை. 'நைனா ரெண்டையும் படிக்கட்டும்மா' என்றாள்.

நான் தோற்றுவிட்டேன். ஆபிரகாம் ஆட்கள் சொன்னபடியே எனக்குப் போட்டார்கள். அப்படியும் தோற்றேன், கொஞ்ச நஞ்சமில்லை. புயல் பாதுகாப்பு மையத்தில் ஓட்டு எண்ண எண்ணக் கலைவாணி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. முதல் ஞாயிறு எனக்குப் போட்ட ஜனம் எல்லாம் ஒரே வாரத்தில் எங்கே போயிற்று என்று புரியவில்லை. யாருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

அன்று சாயங்காலம் அங்கமுத்துவின் பெண்டாட்டி கஸ்தூரி ஒரு கிண்ணத்தில் மடவை மீன் குழம்போடு வந்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம். 'போன ஞாயிறு உனுக்குப் போட்டோம், இந்த ஞாயிறு அண்ணனுக்குப் போட்டோம். எல்லாம் ஞாயமா முடிஞ்சிதுக்கா' என்றாள். என்னடி சொல்கிறாய் என்றால், 'பின்ன? ஒரே ஆளு ரெண்டு பாடு எடுத்தா ஊரு ஒத்துக்குமா? நீதானே மைக்குல ஒரு பாடு கேட்ட, உட்டுக் குடுத்தோமே' என்கிறாள். எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் வலை காயும் இடத்தில் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் இதே கதை. முதல் ஞாயிறு என் முறை, இரண்டாவது ஞாயிறு அவர் முறை. ஒருத்தர்கூட ஏமாற்றவில்லை, ஒருத்தர்கூட விலை போகவில்லை. எனக்குப் போட்டவர்கள் ஒழுங்காக எனக்குப் போட்டார்கள், பிறகு ஒழுங்காக ஒதுங்கிக்கொண்டார்கள். முதல் ஞாயிறு அண்ணனுக்குப் போட்டவர்களில் சிலர்கூட இரண்டாவது ஞாயிறு முறைப்படி எனக்குப் போட்டிருக்கிறார்கள்! இரண்டாவது ஓட்டுதான் முடிவு என்று நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்திருந்தோம். யாருக்கு அதைப் படிக்க நேரம்? நானாவது மைக்கில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். படகில் கனவு கண்டுகொண்டு ஒரு பாடு கேட்டேன், ஒரு பாடு கொடுத்துவிட்டார்கள். கோபம் வந்தது. அதே நேரத்தில் இப்படி ஒரு ஜனத்தின்மேல் எப்படிக் கோபப்படுவது என்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நிற்கும்போதுதான் அழுகை வந்தது.

இதில் கேபிள் டிவியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கோட்டுப் போட்ட ஒருத்தர், 'கடலோர மக்களின் மனமாற்றம்' என்று படம் போட்டு விளக்கினார். கூட்டணி பலமாம், பெண் வாக்குகள் சிதறிவிட்டனவாம், மாநிலத்தில் அடிக்கப்போகும் அலைக்கு இது முன்னோட்டமாம். அண்ணனுக்கு மாலை போட்ட கட்சி பட்டாசு வெடித்தது. என் பேனரை வைத்தவர்கள் மறுநாளே வந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், துணியையாவது விட்டுவிட்டுப் போங்கள், கருவாடு மூட உதவும் என்று கேட்டேன். தரவில்லை. கோட்டைக்குப்பத்திலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் டீக்கடையில் இதே அலசல்தான். அலசுகிற யாரும் கஸ்தூரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்றுக் காலையில் தருமலிங்கம் அண்ணன் வந்தார். பனி இன்னும் விலகவில்லை. வாசலில் யாரோ நிற்பது மட்டும் தெரிந்தது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கழுத்தில் மாலை இல்லை, கட்சித் துண்டும் இல்லை. அவர் பாடு பார்த்தே வளர்ந்த ஆள், என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாதா? 'நான் ஜெயிக்கல லோகநாயகி. இது எனக்குப் பாடா வந்துது. அந்தப் பட்டாசு வெடிச்சவனுங்களுக்கு இத்தச் சொன்னா புரியாது' என்றார். ஒரு வருஷம் முடிந்ததும் ஒதுங்கிக்கொள்வதாகவும், 'அடுத்த பாடு உன்னுது, யாரு இல்லன்னது?' என்றும் சொன்னார்.

அடுத்த வருஷத்துத் தலைவர் பதவி எனக்கு எதற்கு, இந்தத் தையில் எங்கள் வீட்டு இடம் போய்விடுமே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பரவாயில்லை. அவர் ஏரியைப் பார்த்தார், பனியில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு சொன்னார். பொம்பளை சீட்டு எடுக்க அவர் ஒருத்தராக விட முடியாதாம், ஊர் கூடிப் பேச வேண்டுமாம், அதற்கு இந்த வருஷம் போதாதாம். 'ஆனா உன் வூட்டுக்காரரு நீலமேகம் பேரை நான் அடிக்கல. சீட்டுப் போட்ற அன்னிக்கிக் கூப்புடுவேன். ஒரு தபாதான் கூப்புட முடியும். ஆளு வந்து நிக்கணும்' என்றார்.

அவ்வளவுதான் இந்தத் தேர்தலில் நான் வாங்கியது.

மற்றபடி வீட்டுச் செய்தி. படகின் அடிப்பலகையில் ஒரு இடத்தில் தண்ணீர் கசிகிறது, பார்த்துக்கொள்ளலாம். ஐஸ்வர்யா அரைப்பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள், கணக்கு மட்டும் உங்களைப் போல. வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது, இறால் பரவாயில்லை. முகத்துவாரத்தில் மழைத்தண்ணீர் தானாகவே கொஞ்சம் அறுத்துக்கொண்டு வழி விட்டிருக்கிறது. எந்தக் கட்சி தோண்டியது என்று தெரியவில்லை.

ஒன்று சொல்லட்டுமா? போன மாதம் போனில் பேசியபோது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. போட்டிருந்தால் அதை எனக்குச் சொல்லவும் வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம், சமாதானத்துக்குப் பணமும் பொருளும் வேண்டாம்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் கோயில் முன்னால் எல்லா வீட்டு ஆம்பளைகளும் நிற்பார்கள். பொம்பளைகள் தள்ளித்தான் நிற்க வேண்டும், நானும் நிற்பேன். அண்ணன் உங்கள் பேரைக் கூப்பிடுவார். ஏரி முழுக்க மைக்கில் கத்தியவள் நான். அன்றைக்கு மட்டும் உங்களுக்குப் பதிலாக, 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

வந்து நீங்களே சொல்லுங்கள். கங்கையம்மன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
லோகநாயகி.