பதுளைக்கு எதிராகத் தட்டிய கை

கொழும்பு
16.5.78

அன்புள்ள பேச்சி,

நான் சுகம். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சுகமா? சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே கொழும்பு அணியோடு நம் பதுளை அணியின் உதைபந்தாட்டம். உன் தம்பி அழகர்தான் கோல் காத்தான். நம்மவர்கள் முதல் கோல் போட்டதும், "அப்படிப் போடுறா!" என்று தமிழில் கத்திவிட்டேன். சுற்றியிருந்த சிங்களவர்கள் திரும்பி என்னையே பார்த்தார்கள்.

"வாய மூடுங்கண்ணே, போன வருஷக் கலவரம் மறந்துருச்சா?" என்றான் என்னோடு கடையில் நிற்கும் ஹாஷிம்.

பிறகு எதிரணி கோல் போட்டது. எல்லோரோடும் எழுந்து நானும் கைதட்டினேன். வலைக்குள் பந்தை எடுக்கத் திரும்பிய அழகர் என் பக்கம் பார்த்தான்.

நீ பயப்படாதே. நான் கேட்டிருந்த பதுளை அணிப் பனியனை மட்டும் அனுப்பாதே, வெள்ளைச் சட்டை போதும். தபாலுக்கு நேரமாகிவிட்டது. அழகர் என்னைப் பார்த்ததாகச் சொன்னால் எழுது. அவனாகச் சொல்லாவிட்டால், நீயாகக் கேட்காதே.

முத்துவீரன்