நானூற்றிரண்டை அழுத்தினால்

மார்ச் 2, திங்கள்

கீழ்வாசலில் இன்று முதல் வாட்ச்மேன் கிடையாது. அவருக்குப் பதில் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. எண்கள், கேமரா, பேசுவதற்குப் பொடிப்பொடியாய் ஓட்டைகள். வந்தவர் வீட்டு எண்ணை அழுத்தினால் இன்டர்நெட் வழியாக வீட்டுக்காரரின் கைபேசிக்கு மணி அடிக்கும். அவர் முகம் பார்த்து, பேசி, இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்கலாம். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திறக்கலாம் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். தும்மினால்கூடச் சுற்றறிக்கை விடுகிற மனிதர். எங்கள் மாடியில் அவருக்குப் பெயரே சுற்றறிக்கைதான்.

மூலை என்று படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 402 அண்ணன் பெயரில் இருக்கிற வீடு. அதனால் 402-ஐ அழுத்தினால் மணி அடிப்பது பத்து மணி நேர விமானப் பயணத்துக்கு அந்தப் பக்கம், அவன் சட்டைப்பையில். பதினோரு வருடமாக அம்மாவோடு இங்கே இருக்கிற எனக்கு அடிக்காது.

அம்மாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் காலையில் இருபது நிமிடம் வாசலில் நின்றாள். "தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் பேசினாருக்கா. யாருன்னு கேட்டார், சொன்னேன். அப்புறம் சத்தமே இல்ல. மறுபடி தூங்கிட்டார் போல." அவள் என் போனுக்குக் கூப்பிட்ட பிறகு நான் இறங்கிப் போய்த் திறந்தேன். நல்லவேளை, சமாளித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு அட்டை. காட்டினால் கதவு திறக்கும். யார், எத்தனை மணிக்கு என்று படத்தோடு அண்ணனுக்குப் போய்ச் சேரும். அம்மா எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள் என்று அவளுடையதை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். "என்னடி இது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி" என்றாள்.

மார்ச் 3, செவ்வாய்

கம்பியை விட்டுவிட்டு நாலு எண்ணும்வரை மிதந்தேன். செவ்வாயும் வெள்ளியும் நாலு முதல் ஐந்து வரை பக்கத்துத் தெரு நீச்சல் குளத்தில் பெண்கள் நேரம். ஐம்பத்தோரு வயதில் நீச்சல் என்றால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதினால் போதும்.

மார்ச் 5, வியாழன்

சுற்றறிக்கையிடம் போனேன்.

"மேடம், சிஸ்டத்துல ஓனர் நம்பர்தான் ஏறும். மாத்தணும்னா ஓனர் கையெழுத்து போட்ட படிவம் வேணும்."

"குடியிருக்கிறது நான். ஆளுங்க வர்றது என்னைப் பாக்க."

"அண்ணன்தானே மேடம், கேட்டா போட்டுக் குடுத்துடப் போறார்."

கூடவே இன்னொரு விதி. ஒரு அழைப்பு இரண்டே நிமிடம்தான், அப்புறம் தானாக அறுந்துவிடும். வாசலில் நின்று யாரும் அரட்டை அடிக்கக் கூடாதாம். வாட்ச்மேனோடு தினம் அரை மணி நேரம் நின்று அரட்டை அடித்த ஆள் சொல்கிறார் இதை. அந்த வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 7, சனி

அண்ணன் போன். அதிசயமாக இருக்கிறதே என்று எடுத்தேன்.

"நேத்து அஞ்சே காலுக்கு உள்ள வந்தியே, தலையெல்லாம் ஈரமா இருந்துச்சு. அங்க மழையா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தூறல்" என்றேன்.

"அப்ப அம்மாகூட யார் இருந்தா?"

அம்மாவுக்கு என்ன மாத்திரை, எத்தனை வேளை — பதினோரு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருப்பானா? அறுவை சிகிச்சை அன்னிக்கு "ரிசல்ட் வந்ததும் மெசேஜ் போடு"ன்னு சொன்னவன். இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என் தலைமுடியைப் பார்க்கிறான்.

அதைவிட ஆத்திரம் என் மேல். தூறல் என்று ஏன் சொன்னேன்? யாருக்குப் பயந்து?

மார்ச் 11, புதன்

என்னிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை அளவு பார்க்க வந்த வங்கிக்காரப் பெண்ணிடம் அண்ணன் பெட்டிக்குள்ளிருந்து விசாரணை வைத்திருக்கிறான். யார், எந்த வீடு, என் தங்கச்சியை எப்படித் தெரியும். அவள் மேலே வந்து, "உங்க வீட்டுக்கு வர்றதுக்கு எங்க பேங்க்ல லோன் வாங்கிடலாம்" என்றாள். இனி பக்கத்துத் தெருக் கடையிலேயே கொடுத்துக்கொள்வாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மார்ச் 14, சனி

படிவத்தை அனுப்பினேன். கையெழுத்து போட மாட்டானாம்.

"வீடு என் பேர்ல இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க. பாதுகாப்புக்குத்தானே சொல்றேன்."

யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டேன். வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டான்.

மார்ச் 20, வெள்ளி

குளத்திலிருந்து வரும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி அட்டையைத் தேய்த்தேன். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி. சொந்த வீடா? அதுவும் இல்லையே.

மார்ச் 24, செவ்வாய்

உடை மாற்றும் அறையில் போன் அடித்தது.

"அம்மா கேட்டுக்கு வெளிய நிக்குறாங்க. நீ எங்க இருக்க?"

ஈரத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். வந்து பார்த்தால் அம்மா மேலே, நாற்காலியில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. கீழே போனாயா என்றேன். "நான் எங்க போனேன்? நடக்கவே முடியல" என்றாள்.

மறுபடி அண்ணன். "இது முதல் தடவை இல்ல. உள்ள வரத் தெரியாம நிக்குறாங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் திறந்து விடறேன். நீ ஊர் சுத்திட்டு இருக்க."

ஊர் சுத்திட்டு.

"உன்னால முடியலன்னா சொல்லிடு. நல்ல முதியோர் இல்லமா பாத்துச் சேத்துடலாம். வீட்டையும் பூட்டிடலாம்."

வீட்டைப் பூட்டினால் நான் எங்கே போவேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மார்ச் 25, புதன்

சாட்சியமாம் — ஏழு படங்கள் அனுப்பியிருக்கிறான். எல்லாம் செவ்வாய், வெள்ளி. எல்லாம் நாலுக்கு மேல், ஐந்துக்குள். பெட்டியின் முன்னால் அம்மா.

ஞாபகம் தவறுகிறதா? டாக்டரிடம் கேட்க வேண்டும். என் தப்பா இது? வாரத்தில் இரண்டு மணி நேரம் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவ்வளவு பெரிய தப்பா? இனி குளத்துக்குப் போகப் போவதில்லை.

மார்ச் 26, வியாழன்

படங்களை மறுபடி பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏழிலும் அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஏழிலும் தலை வாரியிருக்கிறது. இரண்டில் பவுடர்கூட. என்னோடு டாக்டரிடம் வரும்போது சீப்பைக் கையில் கொடுத்தாலும் வாராதவள். உள்ளே வரத் தெரியாதவள் பவுடர் போட்டுக்கொண்டா கீழே வருவாள்?

மார்ச் 27, வெள்ளி

பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல "வரேம்மா" என்று கிளம்பினேன். குளத்துக்குப் போகவில்லை. கார்கள் நிற்கிற இடத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நாலு ஐந்துக்குக் கதவு திறந்து அம்மா வெளியே வந்தாள், தடியை ஊன்றிக்கொண்டு. கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தாள். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பி, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, மூன்று எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"ஹலோ." அண்ணன் குரல்.

"நான்தாம்பா."

"மறுபடியுமா? இரும்மா, திறக்கிறேன்."

"சாப்பிட்டியா, இன்னிக்கு உனக்கு—"

கிர்ரென்று சத்தம். கதவு திறந்தது, அவன் குரல் போய்விட்டது. அம்மா உள்ளே போகவில்லை. கதவு கொஞ்ச நேரம் திறந்தே நின்றுவிட்டுத் தானாகச் சாத்திக்கொண்டது. அவள் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து மறுபடி அழுத்தினாள்.

மூன்றாவது தடவை அழுத்தப் போகும்போது நான் வெளியே வந்தேன். அவள் பதறவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்பது மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டான். இதுல கூப்பிட்டா உடனே எடுக்குறான்."

தடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இதுல மூஞ்சி தெரியுமாமே அவனுக்கு. அதான் தலை வாரிட்டு வந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ திட்டுவ."

லிஃப்டில் மேலே கூட்டி வந்தேன். எனக்கு அவள் மேலும் கோபம், எழுதத்தான் வேண்டும். பதினோரு வருஷம். எனக்காக ஒரு நாள் தலை வாரியிருப்பாளா? கூடவே இருக்கிறவளுக்கு எதற்குப் பவுடர்.

மார்ச் 28, சனி

அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் பெயர் வரிசையாக, திரை கொள்ளாமல். எல்லாம் இவள் கூப்பிட்டது. ஒன்றைக்கூட அவன் எடுக்கவில்லை.

என் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டான், நான் என்பதால் வீட்டு விஷயமாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

"நீ அனுப்பின படத்துல அம்மா கழுத்தைப் பாரு. என்ன தொங்குது?"

"என்ன... அட்டை."

"அவங்களுக்கு நீ கதவு திறக்க வேண்டாம். அவங்களே திறந்துக்குவாங்க. உன்கிட்ட பேசறதுக்கு நாலு மாடி இறங்கி வர்றாங்க. நீ எடுக்கிற ஒரே போன் அந்தக் கதவுதான். எடுத்ததும் என்ன பண்ற? கதவைத் திறந்து துரத்தி விடற."

அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? மறந்து போய் நிக்குறாங்கன்னு நினைச்சேன். ஆபீஸ் நேரம் வேற..."

"நினைப்ப. அவங்களுக்கு மறதி, எனக்கு ஊர் சுத்தற புத்தி. எல்லாம் நீயே நினைச்சுக்குவ. இன்னொண்ணும் எழுதி வெச்சுக்க. அன்னிக்கு மழை இல்ல. நான் நீச்சல் கத்துக்குறேன். வாரத்துல ரெண்டு நாள். இனிமேலும் போவேன்."

நானே முதலில் வைத்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

கையெழுத்து போட்ட படிவம் மெயிலில் வந்தது. கூட ஒரு வரி கிடையாது. மன்னிப்பும் கிடையாது.

குளத்துக்குப் போகவில்லை. அம்மாவும் கீழே போகவில்லை. நாலு மணிக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 1, புதன்

படிவம் மேசையில் கிடக்கிறது. ஒரு மாதம் இதற்காகத்தான் மல்லுக்கு நின்றேன். கொடுத்துவிட்டால் 402-க்கு என் போன் அடிக்கும். என் ஆட்களுக்கு நான் திறக்கலாம். என் தலை ஈரத்தை எவனும் பார்க்க முடியாது.

அம்மா அழுத்தினாலும் என் போன்தான் அடிக்கும். பெட்டியிலிருந்து என் குரல் வரும், நாள் முழுக்க மேலே கேட்டுச் சலித்த குரல். அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவன் போட்ட முடிச்சை நான் ஏன் அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

ஏப்ரல் 3, வெள்ளி

சுற்றறிக்கையிடம் படிவத்தைக் கொடுத்தேன். நேரத்துக்கு ஏற்ற மாதிரி எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியுமாம், அதற்கென்று ஒரு அட்டவணையே இருக்கிறதாம். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

"எப்பவும் உங்க நம்பர். செவ்வாய், வெள்ளி நாலுலேர்ந்து அஞ்சு மட்டும் அண்ணன் நம்பர். அந்த ஒரு மணி நேரத்துல என்ன மேடம் விசேஷம்?"

"பாதுகாப்புக்குத்தான்" என்றேன்.

அண்ணனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன்: செவ்வாய், வெள்ளி, நாலு முதல் ஐந்து. அந்த நேரத்தில் என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். மணி அடித்தால் அது அம்மா.

பார்த்துவிட்டான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

குளம். ஒரு அகலம் போய்ச் சேர்ந்தேன், கடைசியில் தண்ணீர் குடித்து இருமினேன்.

உடை மாற்றும் அறையில் கதவுப் பதிவைத் திறந்து பார்த்தேன். இப்போது எல்லாம் என் போனுக்கும் வருகிறது. 4.06, ஐம்பது விநாடி, கதவு திறக்கப்பட்டது. 4.15, ஒரு நிமிடம், கதவு திறக்கப்பட்டது. அவ்வளவுதான். கை பழகிவிட்டது போலிருக்கிறது, திறந்து விரட்டுவதற்கு. நான் வேறு என்ன எதிர்பார்த்தேன்?

நானும் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்க்கிறேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே குளத்துக்குப் போனேன். வரும்போது துண்டைச் சுற்றிக்கொள்ளவில்லை. முடியிலிருந்து முதுகெல்லாம் சொட்டியது.

அம்மா வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொரியர்காரர் ஒருவர் பெட்டியைக் காட்டி, "பாட்டி ரொம்ப நேரமா பேசிட்டு இருந்தாங்க, இப்பதான் விட்டாங்க" என்றார். குறை சொன்ன மாதிரி தெரியவில்லை.

அம்மா என் தலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீச்சல் கத்துக்குறியாமே. அவன் சொன்னான்."

"ஆமா."

"தலையைத் துவட்டு. அவனுக்கு முட்டி வலியாம், படி ஏற முடியலையாம். உன் பிசியோ பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லு."

கேட்கிறேன் என்றேன். அவன் முட்டிக்கு நான் கேட்க வேண்டும். அதிலும் எனக்குக் கோபம்தான்.

மேலே வந்த பிறகு பதிவைத் திறந்தேன். 4.42-இல் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு அழைப்புகள். ஏழும் முழுசாக இரண்டு இரண்டு நிமிடம். இயந்திரம் அறுத்துவிட, அறுத்துவிட, இவள் எழுந்து அழுத்தியிருக்கிறாள். அவன் எடுத்திருக்கிறான்.

கதவு: திறக்கப்படவில்லை. ஏழிலும்.

கீழே அந்த வாட்ச்மேன் நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. நாளைக்கு வேறு வாங்கிப் போட வேண்டும்.