வியாழக்கிழமைச் சோறு

தபாலில்
சியோனான், 14.8.2603

அன்புள்ள கந்தப்பு,

உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். குளுவாங்கில் நீயும் இராசமலரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே சிங்கப்பூர் என்று போட்டால் கடிதம் போய்ச் சேராதாம். ஊர்ப் பெயரும் வருஷமும் இப்போது ஜப்பான்காரர்கள் கணக்குப்படிதான்.

"புதுக் கடை ஒன்றும் அகப்படவில்லையா?" என்று ரயில் ஸ்டேஷன் வேலையில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகக் கேட்டுவிட்டாய். ஆறு வருஷம் சனிக்கிழமை அரைநாள் லீவில் நாம் தலையைக் குனிந்து நுழைந்த பொந்துகள் எல்லாம் போய்விட்டன ஐயா. தஞ்சோங் பகாரில் மாடிப்படிக்குக் கீழே இட்லி போட்டவர் கடை, குண்டு விழுந்து வெறும் மண். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆப்பக்காரர் மரவள்ளி மாவில் ஆப்பம் சுடுகிறார். செருப்பு வார் அதைவிட மெத்தென்று இருக்கும். கோப்பி கேட்டால் வறுத்த சோளத்தைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் இந்த முறை பந்தயத்தில் ஜெயித்தவன் நான். பெயர்ப்பலகை இருக்கக்கூடாது, மலிவாக இருக்க வேண்டும், மற்றவனுக்குத் தெரியாத இடமாக இருக்க வேண்டும், வழி சொன்னால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர வேண்டும். நம் சட்டம் நாலும் சரியாக இருக்கிறது. கேட்டுக்கொள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து டன்லப் தெருவில் திரும்பு. தையல்கடையை ஒட்டினாற்போல் ஒரு சந்து. பின்பக்கம் மூன்றாவது கதவு, மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி நீலம். தட்டாதே. இரண்டு தரம் இருமு. ஆமினா பீவி திறப்பாள். துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று புருஷனைப் பறிகொடுத்தவள். மற்ற நாளெல்லாம் அவளும் கிழங்குதான் அவித்து விற்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் புருஷனுக்குப் பாத்திஹா ஓதுகிறாள். அன்றைக்குச் சோறு. கந்தப்பு, சோறு! வெள்ளைச் சோறும் நெத்திலி ஆணமும். குழம்பை அவள் ஆணம் என்கிறாள். ஓதி முடித்ததும் வந்திருக்கிற ஏழெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு கை. மிச்ச வயிற்றுக்குக் கிழங்கு.

அரிசி எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கள்ள அரிசி பிடிபட்டால் ஆள் திரும்பி வருவதில்லை என்பது உனக்கும் தெரியும். தமிழில் எழுதுவதில் இது ஒரு சௌகரியம், எவன் படிக்கப் போகிறான்?

இப்படிக்கு,
ஜெயித்தவன்
லாசரஸ்


தபாலில்
குளுவாங், 25.8.2603

அன்பின் லாசரஸ்,

உமது கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. உறையின் ஓரத்தை வெட்டி, பிறகு துண்டுக் காகிதம் வைத்து ஒட்டியிருந்தார்கள். இப்போது எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறது.

இராசமலருக்கு வாசித்துக் காட்டினேன். நெத்திலி ஆணம் வந்த இடத்தில் "திரும்ப ஒருக்கா வாசியுங்கோ" என்றாள். மூன்று தரம் வாசித்தேன். பிறகு அவித்த மரவள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு உம்மேல் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஒரு மனத்தாங்கல். என் காலில் புண் ஆறவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீர் ஆப்பக்காரரை விசாரித்தீர், என் காலை விசாரிக்கவில்லை. பந்தயத்தில் நீர் ஜெயித்ததை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நேரில் வந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு. சிங்கப்பூருக்குப் போய்வரப் பாஸ் கேட்டிருக்கிறேன். தரமாட்டார்கள்.

அந்தப் பெண்பிள்ளைக்கு எங்கள் வணக்கம் சொல்லும்.

அன்புடன்,
கந்தப்பு


சரக்கு ரயில் கார்டு சுந்தரம் வசம்
சிங்கப்பூர், 10 செப்டம்பர் 1943

கந்தப்பு,

இதைச் சுந்தரத்திடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னைத் தவிர ஒருத்தரும் பார்க்கக்கூடாது.

யாரிடம் சொன்னாய்?

போன வாரம் வியாழக்கிழமை, வெளியே இரண்டு தரம் இருமல். ஆமினா பீவி திறந்தாள். நாங்கள் யாரும் அறியாத ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் காதில் கட்டியிருந்தது. "யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டாள். "மூணாவது கதவு, மேல பச்சை, கீழ நீலம். தட்ட வேணாம், இருமினா போதும்னு தெரிஞ்சுது அக்கா" என்றான். என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அது என் வாக்கியம். வாரா வாரம் வருகிறவர்கள் யாரும் கதவின் நிறத்தைச் சொல்லமாட்டார்கள். உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

நேற்றும் வந்தான். பாதிச் சோற்றை உண்டு, பாதியை இலையில் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். சாட்சிக்கு எடுத்துப் போகிறானோ என்று எல்லோரும் நடுங்கிப்போனோம். ஆமினா பீவியின் தம்பி அப்துல் அலீம் என்னைத்தான் முறைக்கிறான். அவளைப் பிடித்துக்கொண்டு போனால் நான் எந்த முகத்தோடு லூர்து மாதா கோயிலில் போய் முழங்கால் போடுவேன்?

ஸ்டேஷனில் நாலு பேர் நடுவே கடிதத்தை வாசித்துப் பெருமை அடித்தாயா? இவ்வளவு வருஷம் உன்னோடு ஒரே இலையில் தின்றதை நினைத்தால் வயிறு எரிகிறது.

லாசரஸ்


சுந்தரம் வசம்
குளுவாங், 13 செப்டம்பர் 1943

லாசரஸ்,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு இராசமலர் அழுதாள். நான் அழவில்லை. உடனே காகிதத்தை எடுத்தேன்.

உமது கடிதத்தைக் கேட்டது ஒரே ஒருத்தி. அவள் வீட்டு வாசலைத் தாண்டிக் கிழமைக்கணக்காயிற்று. நான் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. இதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என்னிடம் சத்தியம் கேட்கும் நிலைக்கு நீர் வந்ததே போதும்.

ஆத்திரம் தணிந்த பிறகு யோசியும். அந்தக் கடிதம் பத்து நாள் எங்கே கிடந்தது? வெட்டிப் பிரித்தவன் தமிழ் தெரியாமலா பிரித்தான்? தமிழ்க் கடிதத்தைப் பார்க்கத் தமிழனைத்தான் வைத்திருப்பார்கள். உமது மூக்குக் கண்ணாடிக்காரன் கடிதம் பார்க்கிறவன். எவன் படிக்கப் போகிறான் என்று நீர் எழுதிய வரியையும் அவன் படித்திருப்பான்.

நான் வாசித்தேன். எழுதினவர் நீர்.

அவளைச் சோறு ஆக்க வேண்டாம் என்று சொல்லும், இன்றைக்கே.

கந்தப்பு


சுந்தரம் வசம்
சிங்கப்பூர், 17 செப்டம்பர் 1943

கந்தப்பு,

என்னை மன்னித்துக்கொள். இதற்குமேல் அழகாக எழுத வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. இராசமலரிடமும் சொல்.

நேற்று அவன் எனக்கு எதிரேதான் உட்கார்ந்தான். விரல் நுனியைப் பார்த்தேன். நகத்துக்குள் காய்ந்த பசை. நீ சொன்னதுதான் சரி.

ஆமினா பீவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னால் வந்த வினை என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இந்த ஒரு நாளும் அவருக்குக் கெழங்க வச்சு ஓதச் சொல்றீங்களாண்ணே? உசுரோட இருக்கையிலயே அவரு கெழங்கத் தொடமாட்டாரு" என்கிறாள். நிறுத்தமாட்டாளாம். அப்துல் அலீமோ அந்த ஆளைச் சந்திலேயே தீர்த்துவிடலாம் என்கிறான். இடுப்பில் கத்தி வைத்திருக்கிறான். கையைக் காலைப் பிடித்து ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதன் மூன்று வாரம் வந்தும் சிப்பாய் எவனும் வரவில்லையே என்பதுதான் எனக்குள்ள ஒரே பிடி.

தபாலில் உனக்கு ஒரு கடிதம் போடுவேன். அது உனக்கல்ல, நீ கோபிக்காதே.

லாசரஸ்


தபாலில்
சியோனான், 24.9.2603

அன்புள்ள கந்தப்பு,

உன் கால் புண் ஆறிவிட்டதா? மஞ்சள் அரைத்துப் போடு.

ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் சோறு சோறு என்று எழுதினேனே, அங்கே சோறு கிடையாது. கிழங்குதான். பசியில் என் நாக்கு சோறு என்று எழுதிவிட்டது. என் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கும் இதைச் சொல்கிறேன். அவர் நம்ப வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நம்பியதுபோல் இருந்தால் போதும்.

பாதியை உண்டு பாதியை மடித்துக்கொண்டு போகிற மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய நாலு வாரம் ஆயிற்று. அப்படிப்பட்டவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிற பெண்ணுக்கு ஒன்றும் நேராமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

அன்புடன்,
லாசரஸ்


சுந்தரம் வசம், மிக அவசரம்
குளுவாங், 6 அக்டோபர் 1943, பகல் ஒரு மணி

அன்பின் லாசரஸ்,

24ஆம் தேதியிட்ட உமது கடிதம் இப்போதுதான் வந்தது. கடைசிப் பக்கத்தில், உமது கையெழுத்துக்குக் கீழே, வேறு கையில் பென்சிலால் எழுதியிருக்கிறது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"முதல் கடிதத்தில் இருந்ததை மேலே சொல்லாமல் அமுக்கி வைத்திருந்தேன். ஆபீஸில் இருந்த பிரதி அகப்பட்டு மேலே போய்விட்டது. 7ஆம் தேதி வியாழன் வழிகாட்ட என்னையே கூட்டிப் போகிறார்கள். என்னை வெளியே விடுவதில்லை. இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அன்று அங்கே ஒரு பருக்கை இருக்கக்கூடாது."

நாளைக்கு வியாழன். எனக்குப் பாஸ் இல்லை, இல்லாவிட்டால் நொண்டிக்கொண்டே வந்திருப்பேன். சுந்தரத்தின் வண்டி இரவு புறப்படும் என்கிறார்கள், எப்போது வந்து சேரும் என்று அவருக்கே தெரியாது. இராசமலர் சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

உம்மேல் கோபம் இல்லை. ஓடும்.

கந்தப்பு


சுந்தரம் வசம்
சிங்கப்பூர், 9 அக்டோபர் 1943

என் அன்பான கந்தப்பு,

ஆமினா பீவி வீட்டில் இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி வழியில் ஏழு மணி நேரம் நின்றுவிட்டது. வியாழக்கிழமை மூன்றரை மணிக்குச் சுந்தரம் நான் வேலை செய்கிற கிடங்குக்கே வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். மேலதிகாரியிடம் சொல்லாமல் ஓடினேன். தஞ்சோங் பகாரிலிருந்து டன்லப் தெரு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். சந்துக்குள் நுழையும்போதே சோறு மணக்கிறது. வெந்து வடித்தாகிவிட்டது. செய்தியைச் சொல்லி, உடனே கொட்டிவிடச் சொன்னேன். ஆமினா பீவி சோற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சாக்கடையில கொட்டறதுன்னா என்னையும் சேத்துக் கொட்டுங்க" என்றாள். பிறகு அவளே வாசலில் நின்று சந்து முழுக்கக் கூப்பிட்டாள். தையல்காரர், அவர் பெண்சாதி, எதிர் வீட்டுச் சீனக் கிழவி, பிள்ளைகள், நாங்கள். நின்றபடியே, பானையிலிருந்து கையில் அள்ளி, ஆவி பறக்கப் பறக்க விழுங்கினோம். என் நாக்கு வெந்துவிட்டது. ருசியே தெரியவில்லை. அவள் பானையைக் கழுவிக் கழனித் தண்ணீரைக்கூடக் குடித்தாள். அப்துல் அலீம் ஒரு கட்டி பெலாச்சானை, அந்த இறால் விழுதை, நெருப்பில் போட்டான். அந்த நாற்றத்தில் சோற்று மணம் செத்தது.

அரை மணியில் லாரி வந்தது. நாலு சிப்பாய்கள், ஓர் அதிகாரி, முன்னால் அந்தக் கண்ணாடிக்காரர். இருமாமல் கதவைத் தட்டினார். பானையைக் கவிழ்த்தார்கள், பாயைக் கிழித்தார்கள். கிழங்கும் கருகிய பெலாச்சானும்தான் இருந்தன. அதிகாரி அவரிடம் என்னவோ கேட்டான். அவர் இல்லை என்று தலையாட்டினார். கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி விழுந்தது. மறுபடி கேட்டான். மறுபடியும் தலையாட்டினார். அதற்குப் பிறகு அடித்ததை நான் எழுத மாட்டேன். சுவரோரம் நாங்கள் பத்துப் பேர் நின்றோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, கந்தப்பு. அவரை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

நேற்று ஆமினா பீவி கேட்டாள்: "அந்த மனுசன் பேரு என்னங்கண்ணே? துஆ கேக்கணும்." எனக்குத் தெரியாது. நாலு வியாழன் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதலில் பயத்தில் கேட்கவில்லை, பிறகு தெரியாமலிருப்பதே நல்லது என்று கேட்கவில்லை. அவர் வீட்டில் காத்திருப்பவர்களைத் தேட ஒரு தெருப் பெயர்கூட என்னிடம் இல்லை. வழி சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரன்.

அவர் உட்கார்ந்த இடத்தில் இந்நேரம் இன்னொரு தமிழன் உட்கார்ந்திருப்பான். நான் எழுதினால் அவன் படிப்பான். படித்தால் அடி வாங்குவதா காட்டிக்கொடுப்பதா என்று அவனும் யோசிக்க வேண்டும். என் கடிதத்துக்காக இனி ஒருத்தரும் அப்படி யோசிக்க வேண்டாம். சுந்தரத்துக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் கையிலும் இனி கொடுக்க மாட்டேன். ஆகவே இதுதான் கடைசி. நான் செத்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னிடம் சொல்ல எனக்கு நாள் முழுக்க விஷயம் இருக்கும், சொல்லாமல் படுப்பேன். காலைப் பார்த்துக்கொள். இராசமலரை அழவிடாதே.

பதில் போடாதே. போட்டால் நான் மறுபடி எழுதிவிடுவேன்.

உன்
லாசரஸ்